வானம் சும்மா இருக்கிற நாளில் வேனை எங்கே ஓட்டுவது?

புயல் துரத்தும் சுற்றுலாவில் வழிகாட்டியாகச் சேரும் புதியவர்களுக்கு

காலை 9 மணி. கான்சஸில் ஒரு மோட்டல் வாசல். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. வேன் பக்கத்தில் ஆறேழு பேர் கேமராப் பையோடு நிற்கிறார்கள். வருட விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு, கடல் தாண்டி, சில ஆயிரம் டாலர் கட்டி வந்தவர்கள். "இன்றைக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்லத் தெரிவது இந்த வேலையில் பாதி. நல்ல இடிமேகம் எழும்பும் நாளில் ஆட்களை மகிழ்விக்கிற பொறுப்பை வானம் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் பாதையையும் பாதுகாப்பையும் பார்த்தால் போதும். ஒன்றும் இல்லாத நாளில் காலையிலிருந்து இரவு வரை அத்தனை மணி நேரத்தையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இந்தத் தொழிலில் அதை 'டவுன் டே' என்பார்கள். நான் வெறும் நாள் என்று எழுதுகிறேன்.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் புயல் என்றால் வங்கக் கடலில் உருவாகி, பெயர் வைக்கப்பட்டு, டிவியில் நாலு நாள் பேசிய பிறகு கரையைக் கடப்பது. அமெரிக்கச் சமவெளியில் துரத்துவது அதை இல்லை. சூப்பர்செல் என்கிற, சுழன்றுகொண்டே எழும் இடிமழை மேகம். மதியத்துக்கு மேல் முளைத்து இரவில் அடங்கிவிடும். அதிலிருந்து சில நேரம் டொர்னாடோ என்கிற சுழல்காற்றுத் தூண் தரைக்கு இறங்கும், பெரும்பாலும் இறங்காது.

வேன் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்

முதல் இரவு எல்லோரையும் உட்கார வைத்துப் பேசும் கூட்டத்தில் வெறும் நாள் பற்றிச் சொல்லாத வழிகாட்டி, ஐந்தாம் நாள் அதற்கு வட்டியோடு கட்டுவார். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை சீசன். மே மாதம் உச்சம். ஆனால் மே என்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. 2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டொர்னாடோவுக்குப் பேர்போன ஒக்லஹோமாவில் அந்த வருடத்தின் முதல் டொர்னாடோ வந்ததே மே 1-ஆம் தேதிதான். பதிவுகள் தொடங்கிய 1950-லிருந்து அவ்வளவு தாமதமாக வந்ததில்லை. டொர்னாடோவின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடும் இஎஃப் அளவுகோலில், அந்த வருடம் முழுக்க அமெரிக்காவில் எங்குமே இஎஃப்4, இஎஃப்5 தரத்தில் ஒன்றுகூட இல்லை.

இதைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். "சில நாள் துரத்துவோம், சில நாள் சும்மா இருப்போம், சும்மா இருக்கும் நாளுக்கும் என்னிடம் திட்டம் இருக்கிறது" என்று சொன்னால் போதும். அப்புறம் திட்டம் நிஜமாகவே இருக்க வேண்டும்.

எந்த வகை அமைதி என்று கண்டுபிடியுங்கள்

நீல வானம் எல்லாம் ஒரே நீல வானம் இல்லை. ஏன் சும்மா இருக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் சும்மா இருக்கும் என்று சொல்ல முடியும்.

மோசமானது ரிட்ஜ். மேல்வளியில் உயரழுத்தம் மேடு மாதிரி எழும்பிச் சமவெளியின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். காற்று மேலிருந்து அமுங்கும். அமுங்க அமுங்கச் சூடாகி உலரும். மேகம் எழ வழியே இருக்காது. உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றும் கனடா பக்கம் ஒதுங்கிவிடும். துரத்துகிறவர்கள் இதற்கு 'டெத் ரிட்ஜ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வந்தால் லேசில் போகாது. இதன் விளிம்பில் மட்டும், மொன்டானா, டகோட்டா பக்கம், ஏதாவது கிடைக்கலாம். ஆகவே ரிட்ஜ் என்றால் வடக்கே போவதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது வகை, குளிர்காற்றின் முன்வரிசையான குளிர் முகப்பு ஒன்று சமவெளியைத் துடைத்துவிட்டுப் போன பிறகு வருவது. இங்கே இடிமேகத்துக்குத் தீனி மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரம். முகப்பு அந்த ஈரத்தை வளைகுடாவுக்கே விரட்டிவிடும். காலையில் சிலுசிலுவென்று வடக்குக் காற்று; விருந்தினர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு "என்ன அருமையான கிளைமேட்!" என்பார்கள். தெற்குக் காற்று மறுபடி திரும்பினாலும் ஈரம் உடனே வந்து சேராது. மேட்டூரில் திறந்த தண்ணீர் அன்றைக்கே கடைமடைக்கு வந்துவிடுமா? அதே கணக்குதான். டெக்சாஸ் கரையோர ஊர்களின் பனிநிலையை, அதாவது காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் டியூ பாயின்ட்டை, தினமும் பாருங்கள். 60 பாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட எண்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை மைல் வடக்கே ஏறுகின்றன என்று குறித்துக்கொண்டே வந்தால், தண்ணீர் எப்போது நம் வயலுக்கு வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம். எனக்குப் பிடித்த வெறும் நாள் இதுதான். முடிவு தெரியும்.

மூன்றாவது, புதியவர்களைக் கவிழ்க்கும் வகை. கீழே ஈரம் நிறைய இருக்கிறது. மேலே காற்று உயரத்துக்கு உயரம் திசை மாறி நன்றாக முறுக்குகிறது. வரைபடம் எல்லாம் சிவப்பு. ஆனால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மெக்சிகோ மேட்டுநிலத்திலிருந்து வந்த சூடான, வறண்ட காற்று இட்லிப் பானை மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். இதற்கு இவர்கள் வைத்த பெயரும் மூடிதான்: 'கேப்'. மூடி திறந்தால் பிரமாதம். திறக்காவிட்டால், மாலை 7 மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஆறேழு பேரும் அண்ணாந்து நீல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இது காலையில் வெறும் நாள் என்று தெரியாத வெறும் நாள். இப்படிப்பட்ட நாளில் "மூடி திறக்கலாம், திறக்காமலும் போகலாம், நான் பாதிக்குப் பாதி என்று நினைக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லுங்கள். மாலையில் சொன்னால் சாக்கு என்று நினைப்பார்கள்.

கடைசியாக ஒரு நல்ல சங்கதி. வடமேற்கிலிருந்து மேல்காற்று வீசும் நாட்களில் ஒக்லஹோமாவும் கான்சஸும் செத்துக் கிடந்தாலும், கிழக்குக் கொலராடோவைப் பாருங்கள். தரைக்காற்று கிழக்கிலிருந்து வந்தால், ராக்கி மலையை நோக்கி உயரும் நிலத்தில் அதுவாகவே மேலே ஏறும். டென்வருக்குத் தெற்கே பால்மர் டிவைட், வயோமிங் எல்லையில் ஷையென் ரிட்ஜ், நியூ மெக்சிகோ எல்லையில் ரட்டோன் மேசா, இந்த மூன்று மேடுகளும் மேகம் பிறக்கும் தொட்டில்கள். தரையே 5,000 அடி உயரத்தில் இருப்பதால் 50 பாரன்ஹீட் பனிநிலைகூடப் போதும். ஒக்லஹோமாவில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுத்தமான காற்றில் சின்னதாக, தனியாக, செதுக்கி வைத்தது போல் ஒரு மேகம் எழும். இந்த மேடுகளைத் தெரிந்த வழிகாட்டிக்கு வெறும் நாள் பாதியாகக் குறையும்.

காலைக் கூட்டம்

விருந்தினர்களுக்கு முன்னால் நீங்கள் எழுந்திருக்க வேண்டும். ஒக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் அன்றைய இடிமழை வரைபடத்தை அமெரிக்க மத்திய நேரம் காலை 8 மணிக்குப் புதுப்பிக்கும். அதற்குள், மேல்காற்றை அளக்க வானிலை அலுவலகங்கள் பறக்கவிடும் பலூன்களின் தரவும் வந்திருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு 9 மணிக்குக் கூட்டத்தை வையுங்கள்.

நாலாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை அந்த மையம் தனியாக ஒரு வரைபடம் போடும். அதில் வண்ணம் இல்லாவிட்டால் உடனே உதட்டைப் பிதுக்க வேண்டாம்; கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். 'வாய்ப்பு மிகக் குறைவு' என்று இருந்தால் அங்கே நிஜமாகவே ஒன்றும் இல்லை. 'கணிக்க முடியும் தன்மை மிகக் குறைவு' என்று இருந்தால், ஏதோ வரலாம், எங்கே எப்போது என்றுதான் சொல்ல முடியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதை விருந்தினர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர்களே போனில் பார்த்து, காபி குடிக்கும்போது விவாதிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கூட்டத்தில் மூன்று விஷயம் பேசினால் போதும்: இன்று ஏன் இல்லை, அடுத்து எப்போது எதிர்பார்க்கிறோம், இன்று எங்கே தூங்கப் போகிறோம். 'கண்டிப்பாக' என்ற சொல்லை சீசன் முடியும் வரை அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜிஎஃப்எஸ் என்கிற கணினி முன்கணிப்பு மாடல் 16 நாள் வரைக்கும் படம் போட்டுக் காட்டும். பத்தாம் நாள் படத்தை விருந்தினருக்குக் காட்டுவது ஜாதகம் காட்டுவது மாதிரி.

நான் காட்டியிருக்கிறேன். என் இரண்டாவது சீசனில், நாலு வெறும் நாள் வரிசையாக வந்து எல்லோரும் சோர்ந்திருந்தபோது, சனிக்கிழமைக்கு ஒரு மாடல் போட்ட படத்தைக் காட்டி "இது பெரிய நாள்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஓட்டத்தில் அது ஞாயிறாயிற்று, அதற்கடுத்ததில் திங்கள். விருந்தினர்களுக்கு ஞாயிறு காலை விமானம். விமான நிலையத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கை குலுக்கும்போது "திங்கட்கிழமைப் படத்தை அனுப்பி வை" என்றார்.

நிற்பதா, நகர்வதா?

வெறும் நாளின் முதல் பயன், அடுத்த நல்ல நாளை நோக்கி நகர்வது. இன்று ஒக்லஹோமா சிட்டியில் இருக்கிறீர்கள். நாளை மறுநாள் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பக்கம் நன்றாகத் தெரிகிறது. இடையில் 800 மைலுக்கு மேல். இதைத் துரத்தும் நாளன்றே ஓட்டிப் போனால் களைத்துப்போன ஓட்டுநர், கால் மரத்த பயணிகள், தாமதமான வருகை. அதனால் இன்றைக்குக் கான்சஸின் ஹேஸ் ஊர் வரை, நாளைக்கு மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வழியில் ஹட்சின்சனில் இறங்கினால் 650 அடி ஆழ உப்புச் சுரங்கத்துக்குள் போய் வரலாம். அதே ஊர் விண்வெளி அருங்காட்சியகத்தில் அப்பல்லோ 13 திரும்பி வந்த கலம் இருக்கிறது, அசல். ஹேஸில் ஸ்டெர்ன்பர்க் அருங்காட்சியகத்தில், இன்னொரு மீனை முழுதாக விழுங்கிய நிலையிலேயே கல்லாகிப்போன ராட்சச மீன். இந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது என்று வாயால் சொல்வதைவிட அந்த மீன் நன்றாகச் சொல்லும்.

இப்படித் தொலைதூரம் நகர வேண்டியிருந்தால் தவிர, வெறும் நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது என் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். பொழுது சாயும் முன் மோட்டல். எங்கே போவது என்று தெளிவில்லாவிட்டால் நடுவில் இருங்கள். மேற்குக் கான்சஸில் இருந்தால் டெக்சாஸும் எட்டும், நெப்ராஸ்காவும் எட்டும், கொலராடோவும் எட்டும். இன்னொன்று: மேற்கே போகப் போக மத்திய நேரத்திலிருந்து, ஒரு மணி நேரம் பின்தங்கிய மலை நேரத்துக்கு மாறுவீர்கள். "5 மணிக்குக் கிளம்புகிறோம்" என்றால் யார் கடிகாரத்தில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

என்ன காட்டுவது

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். எங்கே இருந்தாலும் இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் இடம் தெரிந்திருந்தால் போதும்.

டெக்சாஸ் மேற்கில் மாட்டிக்கொண்டால் அமரில்லோ. ஊருக்கு மேற்கே, 1974-இல் ஒரு வயலில் மூக்கு மண்ணில் புதைய நட்டு வைத்த பத்து கேடிலாக் கார்கள். யார் வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம்; இரண்டு ஸ்ப்ரே டின் வாங்கிக் கொடுங்கள், பெரியவர்களும் குழந்தையாகிவிடுவார்கள். காலி டின்களைத் திரும்ப எடுத்து வாருங்கள். பக்கத்திலேயே பாலோ டூரோ பள்ளத்தாக்கு. தட்டையான தரையில் ஓட்டிக்கொண்டே போகும்போது திடீரென்று பூமி விலகிக் கீழே சிவப்புப் பாறைகளாகத் திறக்கும். கீழே அடுப்பு மாதிரி சூடு. தண்ணீர் இல்லாமல் யாரையும் நடக்க விடாதீர்கள்.

வடக்கே போனால் பிரச்சினையே இல்லை. தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ், ரஷ்மோர் மலை, வயோமிங்கில் டெவில்ஸ் டவர் என்று இரண்டு நாளை எளிதாக நிரப்பலாம். பல பேருக்குப் பிற்பாடு டொர்னாடோவைவிட பேட்லேண்ட்ஸ் நினைவில் நிற்கிறது. நெப்ராஸ்காவின் அலையன்ஸ் ஊர் அருகே, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைப் பழைய கார்களால் கட்டி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் விருந்தினர்கள் இருந்தால் அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். அவர்கள் அடிக்கும் நக்கலைக் கேட்கவே போகலாம்.

நார்மனில் இருந்தால் தேசிய வானிலை மையக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். காலையில் கூட்டத்தில் நீங்கள் காட்டிய வரைபடத்தைப் போடுகிறவர்கள் உட்காரும் இடம் அது.

அழிவைக் கண்ட ஊர்களுக்கு அழைத்துப் போனால்

கான்சஸின் கிரீன்ஸ்பர்க்கில் உலகிலேயே பெரியது என்று அவர்கள் பெருமைப்படும், கையால் தோண்டிய கிணறு ஒன்று இருக்கிறது. 109 அடி ஆழம், 1888-இல் முடித்தது. 2007 மே 4 இரவு வந்த டொர்னாடோ அந்த ஊரில் 95 சதவீதத்தைத் தரைமட்டமாக்கியது. அப்போது புதிதாக வந்திருந்த இஎஃப் அளவுகோலில் முதன்முதலில் 5 என்று மதிப்பிடப்பட்டது அதுதான். இன்று கிணற்றின் மேலேயே அருங்காட்சியகம் கட்டி இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கிணற்றுக்குள் படியிறங்கலாம்.

ஆட்களை அழைத்துப் போவதற்கு இது ஏற்ற இடம்தான். ஆனால் போகும் வழியில் வேனிலேயே பேசிவிடுங்கள். நாம் பார்க்க ஆசைப்படுகிற பொருள் இவர்கள் வீட்டைக் கொண்டுபோன பொருள். டொர்னாடோ படம் போட்ட டி-ஷர்ட்டை அன்றைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வீடுகளைப் படம் எடுக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கடைக்காரர் தானாகப் பேச ஆரம்பித்தால் கேளுங்கள். நீங்களாகத் துருவ வேண்டாம்.

ஒக்லஹோமாவின் எல் ரீனோ பக்கம் போனால் 2013 மே 31-ஐப் பற்றிச் சொல்லுங்கள். 2.6 மைல் அகலத்துக்குப் பரந்த டொர்னாடோ, அளந்தவற்றில் அகலமானது. மழைக்குள் மறைந்து, திடீரென்று திசையும் வேகமும் மாறியதில் டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட இருந்த கார்ல் யங் மூவரும் இறந்தார்கள். டிம் சமாராஸ் நிதானத்துக்குப் பெயர் பெற்றவர். "ஏன் இன்னும் கிட்டே போகவில்லை?" என்று பின்னால் ஒரு நாள் யாராவது கேட்பார். அதற்கான பதிலை வெறும் நாளன்றே சொல்லி வைத்தது போலாகும்.

வானமே பாடப்புத்தகம்

மேகம் இல்லாத வானத்திலும் கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது. மதியம் சின்னச் சின்னப் பஞ்சு மேகங்கள் முளைத்து, தலை தட்டையாகி நின்றுவிடும். "எங்கே தட்டையாகிறதோ அங்கேதான் மூடி" என்று விரலால் காட்டுங்கள். காலையில் வரைபடத்தில் பார்த்தது கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

மாலை பலூன் விடுவதைப் பார்க்க முடிந்தால் அது போனஸ். டாட்ஜ் சிட்டி, அமரில்லோ போன்ற ஊர்களின் வானிலை அலுவலகங்கள் பலூன் பறக்கவிடுகின்றன. மத்திய நேரம் மாலை 6 மணி சுமாருக்கு மேலே போகும். முதல் நாளே போன் செய்து, பார்க்க வரலாமா என்று கேளுங்கள். வேலை நெருக்கடி இருந்தால் மறுப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆள் உயரத்துக்கு ஊதிய பலூன், கீழே கயிற்றில் காபிக் கோப்பை அளவு கருவி. மேலே 30 கிலோமீட்டர் வரை போய் வெடிக்கும். அந்த எண்கள் போனில் வர வர எல்லோரும் கூடி நின்று படித்தால், ஒரு மாலை கழிந்தது தெரியாது.

இன்னொன்று பந்தயம். நாளைக்கோ மறுநாளைக்கோ முதல் ஆலங்கட்டிச் செய்தி எந்த ஊரிலிருந்து வரும் என்று ஒவ்வொருவரும் ஓர் ஊர் பெயரைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். கிட்டத்தில் சொன்னவருக்கு எல்லோரும் சேர்ந்து ஐஸ்கிரீம். ஆலங்கட்டி என்றதும் சிரிப்பார்கள். தெற்கு டகோட்டாவின் விவியன் ஊரில் 2010 ஜூலை 23-ஆம் தேதி விழுந்த கல் 8 அங்குல விட்டம், கிட்டத்தட்ட 900 கிராம் என்று சொல்லுங்கள். சிரிப்பு நிற்கும்.

கேமராவையும் இன்றைக்கே சரிபார்க்கச் சொல்லுங்கள். மின்னல் படத்துக்கு முக்காலி, கைமுறைக் குவியம், ஐஎஸ்ஓ 100 அல்லது 200, பத்து பதினைந்து நொடித் திறப்பு. இருட்டிய பிறகு மோட்டல் வாசலில் தூரத்துக் கோபுர விளக்கை வைத்துப் பழகட்டும். நிஜ மின்னல் வரும்போது மெனுவைத் தேடிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஏறும் பயிற்சி. "வண்டி!" என்று கத்தினால் ஒரு நிமிடத்துக்குள் எல்லோரும் ஏறி, பெல்ட் போட்டு, கதவு சாத்தியிருக்க வேண்டும். முதல் தடவை மூன்று நிமிடம் ஆகும், யாராவது ஒருவர் முக்காலியை மடக்கிக்கொண்டிருப்பார். நாலைந்து தடவை விளையாட்டாகச் செய்து பாருங்கள்.

வண்டி வேலை, துணி வேலை

வைப்பர் பிளேடு, டயர் காற்று, ஸ்டெப்னி, எண்ணெய், முன் கண்ணாடியில் ஒட்டிய பூச்சி, முதலுதவிப் பெட்டி. ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் விருந்தினர்கள் காசு போட்டுத் துவைக்கும் கடையில் துணி துவைக்கட்டும். அரை டாங்குக்குக் கீழே பெட்ரோலை இறங்க விடாதீர்கள். நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பகுதியில் பங்க்கும் இருக்காது, போன் சிக்னலும் இருக்காது. வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மண் சாலைகளையும் காய்ந்த நாளில் இறங்கிப் பாருங்கள். தெற்கு டகோட்டாவில் 'கம்போ' என்கிற களிமண், நனைந்தால் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு சக்கரம் சுழலாது. ஒக்லஹோமாவின் செம்மண்ணில் சோப்புத் தண்ணீர் ஊற்றியது போல் வழுக்கும். ஒரு கட்டியைக் குடிநீர் ஊற்றிப் பிசைந்து காட்டினால், அந்த வழியில் ஏன் போகவில்லை என்று பின்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் குழுவில் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம். சின்ன ஊர்களில் சீஸ் பீட்சா, பீன்ஸ் புரிட்டோ, மறுபடி சீஸ் பீட்சா. பெரிய ஊர் வரும் வெறும் நாளில் ஒரு தாய் உணவகமோ இந்திய உணவகமோ தேடிக் கொடுங்கள். நான் வேனில் எப்போதும் ஒரு பாட்டில் மாவடு வைத்திருப்பேன். ஒரு தடவை ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் பாதியைக் காலி செய்தார்.

ஐந்தாம் நாள்

மூன்று வெறும் நாள் வரை எல்லோரும் பெருந்தன்மையாக இருப்பார்கள். நாலில் நகைச்சுவை குறையும். ஐந்தில் யாரோ ஒருவர் தனியாக உங்களிடம் வந்து, வேறொரு சுற்றுலாக் குழு மொன்டானாவில் இருக்கிறதாமே என்று போனைக் காட்டுவார். எரிச்சல் வரும். காட்டிக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பது உங்கள் திறமையைப் பற்றி இல்லை, தன் காசைப் பற்றி. உட்காருங்கள், ஏன் போகவில்லை என்று தூரத்தையும் நேரத்தையும் வைத்து விளக்குங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால் ஒப்புக்கொண்டு கிளம்புங்கள்.

இந்த நாளில்தான் வழிகாட்டிகள் தப்புச் செய்கிறார்கள். ஏதாவது காட்டியே ஆக வேண்டும் என்று இருட்டிய பிறகு 300 மைல் தாண்டி ஒரு சோணி மேகத்தைத் துரத்துவது. ஒன்றுமில்லை என்று தெரிந்தே துரத்துவது போல் பாவனை செய்து ஓட்டுவது. முதலாவதில் விபத்து காத்திருக்கிறது. இந்தத் தொழிலில் டொர்னாடோவைவிடச் சாலைதான் தினசரி ஆபத்து. இரண்டாவதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நிஜமாகத் துரத்தும் நாளில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. எனக்குத் தெரிந்து வெறும் நாளில் வழிகாட்டி காப்பாற்ற வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

அன்றைக்குச் சொல்ல ஒரு நிஜக் கதை தருகிறேன். 2009-இல் வோர்டெக்ஸ்2 என்று டொர்னாடோவை ஆராய ஒரு பெரிய முயற்சி. சுமார் நூறு ஆய்வாளர்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள், வண்டியில் ஏற்றிய ரேடார்கள். மே 10-இல் கிளம்பினார்கள். பார்த்தால் சமவெளி அந்த மே மாதம் அப்படி ஓர் அமைதி. நாட்டின் தலைசிறந்த மூளைகள் மோட்டல் மோட்டலாகக் காத்துக் கிடந்தன. ஜூன் 5-ஆம் தேதி வயோமிங்கின் கோஷன் வட்டாரத்தில் ஒன்று கிடைத்தது. பிறக்கும் முன்னாலிருந்து அடங்கும் வரை முழுதாக அளந்தார்கள். அந்த சீசனில் அவர்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான். 26 நாள் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் நம் ஐந்து நாள் எம்மாத்திரம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

நடைமுறையில் இன்னும் இரண்டு. தினமும் வேனில் இருக்கைகளை மாற்றுங்கள். கடைசி இருக்கையிலேயே ஒருவர் ஐந்து நாள் உட்கார்ந்தால் அவருக்கு எந்த வானமும் பிடிக்காது. ஒரு மதியத்தை முழுக்க விட்டுவிடுங்கள். நீச்சல் குளம் உள்ள மோட்டல், எந்தத் திட்டமும் இல்லை, வேன் சாவி உங்கள் பையில். நீங்களும் தூங்குங்கள்.

இரவு பற்றிக் கொஞ்சம். ரிட்ஜ் நாட்களின் இரவு சுத்தமாக இருக்கும். ஒக்லஹோமாவிலிருந்து மேற்கே வாணலிக் கைப்பிடி போல் நீளும் பகுதியின் மேற்கு மூலையில் பிளாக் மேசா பக்கம் ஊர் வெளிச்சமே கிடையாது. நிலா இல்லாத இரவில் வேன் விளக்கை அணைத்துவிட்டு இறங்கினால் பால்வெளி தலைக்கு மேல் கிடக்கும். லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி அங்கே பத்து நிமிடம் பேசவே இல்லை. பயணத்தின் கடைசி நாளில் கேட்டபோது, பிடித்தது எது என்பதற்கு அந்த இரவைத்தான் சொன்னார். டொர்னாடோவும் பார்த்திருந்தார்.

அமைதி முடிகிறது என்று எப்படித் தெரியும்

மாடல் சொல்லும். ஆனால் அதற்குச் சமமாக உடம்பும் சொல்லும். இரவு முழுக்கத் தெற்குக் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்கும். விடியலில் தாழ்ந்த சாம்பல் மேகங்கள் வடக்கு நோக்கி அவசரமாக ஓடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மங்கும். சென்னைக்காரர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு உடனே புரிந்துவிடும்.

அன்று காலைக் கூட்டத்தைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். டாங்கை நிரப்புங்கள். மதியச் சாப்பாட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் எல்லோரையும் ஒரு தடவை கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். அடுத்தது எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று உங்களுக்கே தெரியாது.